பத்து சென்ட் தோட்டா

கஸ் ஓபர்க் மூன்றாவது தடவையாகக் கணக்குப் போட்டான். மூன்றாவது தடவையும் நஷ்டமே வந்தது.

அவனுடைய காரேஜ் மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. உள்ளே ஐம்பது ரிவால்வர் தோட்டாக்கள், முப்பத்தெட்டு ரகம், எல்லாம் கரி படிந்து அழுக்காக. மெடிசின் ஃபோர்க் ஊரின் சந்தைத் திடலில் நடக்கும் துப்பாக்கிக் கண்காட்சியில் நேற்று வாங்கியது. பை ஐந்து டாலர். ஒரு தோட்டா பத்து சென்ட். வாங்கும்போது அதிர்ஷ்டம் என்று நினைத்தான். காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறுத்த ஆரம்பித்தது.

“பாஸ், வித்தவன் என்னை ஏமாத்தலை. தன்னைத்தானே ஏமாத்திக்கறான். அதான் புரியலை.”

மார்வா டென்னிங் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக எரிந்த வீடுகளைப் பல வருடம் சோதித்துவிட்டு, பிறகு தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். வேண்டுமென்றே நஷ்டப்படுகிற மனிதர்கள் என்றால் அவள் காது நிமிர்ந்துவிடும்.

“எனக்குச் சுடத் தெரியும், செய்யத் தெரியாது. மெதுவாச் சொல்லு,” என்றாள்.

கஸ்ஸுக்கு இதைவிட இனிப்பான உத்தரவு உலகத்தில் கிடையாது. மேஜை ஓரத்தில் திருகி வைத்திருந்த நெம்புகோல் இயந்திரத்தைப் பெற்ற பிள்ளையைப் போலத் தட்டிக்கொடுத்தான்.

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் பிரைமர் என்கிற சின்ன மூடி. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் நெருப்பு கொடுப்பது அதுதான். உள்ளே மருந்து. தலையில் ஈயக் குண்டு. சுட்டதும் மற்ற மூன்றும் போய்விடும். கூடு மட்டும் மிஞ்சும். நான்கிலும் விலை கூடியது அந்தக் கூடுதான். அதனால்தான் இந்த ஊரில் பாதிப் பேர் சுட்டு முடித்ததும் குனிந்து பொறுக்குகிறார்கள். பொறுக்கிய கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் அழுத்தி, புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்தால் மறுபடியும் தோட்டா. கடையில் இந்த ரகம் நாற்பத்தைந்து சென்ட். கஸ் வீட்டில் செய்வது இருபத்திரண்டு.

“அப்போ பாதிக்குப் பாதி மிச்சம்.”

“அப்படித்தான் கல்யாணமான புதுசுல இன்கிரிட்கிட்ட சொன்னேன். மிச்சமான காசுக்கு இன்னும் ஒரு மடங்கு சுட்டுட்டு வர்றேன்னு அவ கண்டுபிடிச்சிட்டா. மெஷின் வாங்கின காசை அவ இன்னும் மறக்கலை. நான் எப்பவோ மறந்துட்டேன்.”

மார்வா சிரிக்கவில்லை. பத்து சென்ட்டுக்கு எப்படி இறக்குவது என்று கேட்டாள். கஸ் விரல் மடக்கினான். கூடு தரையில் பொறுக்கியது, காசில்லை. குண்டு, பழைய ஈயத்தை உருக்கி வார்த்தது, அதுவும் காசில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். உழைப்புக்குக் கூலியை இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. மிச்சம் இரண்டு. மருந்து நாலு சென்ட். பிரைமர் எட்டு சென்ட். அதை வீட்டில் யாரும் செய்வதில்லை, கடையில்தான் வாங்கியாக வேண்டும். ஆகப் பன்னிரண்டு.

“உலகத்துலயே பெரிய கஞ்சன் செஞ்சாலும் பன்னிரண்டு. இவன் பத்துக்கு விக்கறான். ஒவ்வொரு தோட்டாவோடயும் ரெண்டு சென்ட்டைச் சேர்த்துக் கட்டிக் கொடுக்கறான்.”

அப்போது மார்வாவின் போன் அடித்தது. லெனோர் ஃபிஸ்க்.

லெனோருக்காகத்தான் இருவரும் ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தார்கள். ஊரின் பெரிய வேட்டைச் சாமான் கடையில் அவள் சரக்கறைப் பொறுப்பாளர். போன வாரம் இருப்புச் சரிபார்த்தபோது, முப்பத்தெட்டு ரகத் தோட்டாப் பெட்டிகளில் முன்வரிசை மட்டும் கனமாக இருந்தது. பின்வரிசைகள் முழுக்க வெறும் அட்டை. ஆயிரக்கணக்கில் தோட்டா காணவில்லை. அறையின் சாவி லெனோரிடம் மட்டும். கடையை விட்டுக் கிளம்பும் எல்லோருடைய பையையும் காவலாளி தினமும் பிரித்துப் பார்க்கிறான். ஒரு தோட்டாகூட அகப்பட்டதில்லை. எப்படி வெளியே போனது என்று ஷெரிஃபுக்கும் தெரியாது. ஆனால் சாவி யாரிடம் என்பது தெரியும். அவருக்கு அது போதுமாக இருந்தது. அறைக்குச் சீல் வைத்துவிட்டார்.

செத்துப்போன அக்காவின் இரண்டு பெண்களை லெனோர்தான் வளர்க்கிறாள். திருட்டுக் குற்றம் அவள் பேரில் விழுந்தால் நீதிமன்றம் அந்தப் பெண்களை வேறு மாநிலத்தில் இருக்கும் அவர்களுடைய அப்பாவிடம் அனுப்பிவிடும். அவரைக் கண்டாலே இரண்டும் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

போன் ஸ்பீக்கரில் லெனோர் நிதானமாகப் பேசினாள். அந்த நிதானம்தான் மார்வாவைப் பயமுறுத்தியது. குற்றத்தை ஒப்புக்கொண்டு இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் ஜெயில் இல்லை என்று வக்கீல் சொல்கிறாராம். போடாவிட்டால் வழக்கு, ஜெயில், பெண்களும் போய்விடுவார்கள். போட்டாலும் பெண்கள் போகலாம், ஆனால் பார்க்கவாவது விடுவார்கள்.

“போட்டுடறேன் மார்வா. எனக்குத் தெம்பில்லை. ஷெரிஃப் இன்னிக்கு ரூம் சீலை உடைக்கறார். சுடும் கூடத்து வெர்னுக்குக்கூட அவனோட வாளியெல்லாம் திரும்பக் கிடைக்குதாம். எனக்கு மட்டும்தான் எதுவும் திரும்பக் கிடைக்காது.”

“பேனாவை எடுக்காதீங்க. நான் போன் பண்ற வரைக்கும்,” என்றாள் மார்வா.

கஸ் ஆட்சேபித்தான். கடையில் காணாமல் போனவை பெட்டி பிரிக்காத புதுத் தோட்டாக்கள். தங்கம் மாதிரிப் பளபளக்கும். இந்தப் பையில் இருப்பது சாக்கடையில் அள்ளியது போல இருக்கிறது. யாரோ ஒரு சோம்பேறி பழைய கூட்டில் நிரப்பியது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. மார்வா கார்ச்சாவியை எடுத்துவிட்டாள். ஒரே ஊரில் ஒரே ரகத் தோட்டா ஒருத்தனிடம் காணாமல் போகிறது, இன்னொருத்தன் நஷ்டத்துக்கு விற்கிறான் என்றால் சம்பந்தம் இல்லை என்பதைத்தான் நிரூபிக்க வேண்டும் என்றாள்.

கண்காட்சியின் கடைசி நாள். எல்க் மான் வேட்டை தொடங்கப் போகிற வாரம் என்பதால் கொட்டகைக்குள் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு நிறத் தொப்பிகள் நெரிந்தன. பை விற்றவர் ஓட்டிஸ் ட்ரெம்பிள் என்கிற முதியவர். அவர் மேஜையில் பெல்ட் பக்கிள்களும் உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியும்தான் பிரதானம். தோட்டாப் பைகள் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. கேட்பவர்களுக்கு மட்டும்.

கஸ் இறைச்சித் துண்டு ஒன்றை வாங்கி மென்றபடி பேச்சைத் தொடங்கினான். எந்த மருந்து போடுகிறார், எந்த இயந்திரம் என்று ஒரு ரசிகனைப் போலக் கேட்டான். ஓட்டிஸ் கண்ணை வேறு பக்கம் திருப்பினார். தான் செய்வதில்லை, ஒரு சிநேகிதன் செய்து கொடுக்கிறான் என்றார். பெயர்? பெயர் கேட்டதும் அவர் வாய் பூட்டிக்கொண்டது.

மார்வா தன் விலாச அட்டையை மேஜையில் வைத்தாள். லெனோரின் கதையை நாலு வரியில் சொன்னாள். இரண்டு பெண்களையும் சேர்த்துச் சொன்னாள்.

ஓட்டிஸ் அட்டையை எடுக்கவில்லை. “அந்தப் பொண்ணை எனக்குத் தெரியும், நல்ல பொண்ணு. ஆனா இது அது இல்லைம்மா. இவன் வீட்டுல செய்யறான். விக்கறதுக்குச் செய்யணும்னா அரசாங்க லைசென்ஸ் வேணும். அவன்கிட்ட இல்லை. பேரைச் சொன்னா அவனைத் தூக்கி உள்ளே வைப்பாங்க. வாயைத் திறக்க மாட்டேன்னு கை அடிச்சுக் கொடுத்திருக்கேன்.”

“அவர் செய்யறதை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“நான் எதுக்குப் பார்க்கணும்? பார்த்தாலே தெரியலை, எவ்வளவு அழுக்கா இருக்குன்னு? பழைய கூடு அப்படித்தான் இருக்கும்னு அவனே சொன்னான்.”

அடுத்த மேஜைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ஒரு தடித்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு ஓட்டிஸ் பக்கத்தில் வந்து நின்றான். இந்த ஊரில் சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக் கேட்பவர்களை யாருக்கும் பிடிக்காது. மார்வா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்ததும் காற்று கதவை அறைந்து சாத்தியது. சூரியன் மலைப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. கஸ் ஒரு தோட்டாவை எடுத்து, இறைச்சித் துண்டோடு கொடுத்த காகிதக் கைக்குட்டையால் துடைத்தான். காகிதம் கறுத்தது.

“பாருங்க பாஸ். நான் இவன் இடத்துல இருந்தா வெக்கத்துல செத்திருப்பேன். கூட்டைக் கழுவாம அச்சுல விட்டா மண்ணு அச்சைக் கீறிடும். ஒரு அச்சு என்ன விலை தெரியுமா? நாங்க எல்லாம் சோளச் சக்கைத் தூள்ல போட்டு மணிக்கணக்கா உருட்டி...”

“தலையைத் துடை.”

“என் தலையா?”

“குண்டை.”

கஸ் துடைத்தான். காகிதம் அங்கேயும் கறுத்தது. தோட்டாவைத் திருப்பி, அடியில் இருந்த பிரைமரைத் துடைத்தான். அதுவும் கறுப்பு. அவன் வாய் மெல்வதை நிறுத்தியது.

“நீ சொன்ன முறைப்படி,” என்றாள் மார்வா, “கூடு பழசு. ஆனா குண்டு?”

“புதுசு,” என்றான் கஸ் மெதுவாக.

“பிரைமர்?”

“அதுவும் புதுசு. பெட்டியிலேர்ந்து எடுத்து வைக்கறது. ஐயோ, நான் ஒரு மடையன்.”

விஷயம் இதுதான். மறுபடி நிரப்பிய தோட்டாவில் ஒரே வயது இருக்காது. கூட்டுக்குப் பழைய வயது. குண்டும் பிரைமரும் நேற்றுப் பிறந்தவை. கூடு அழுக்காக இருந்தாலும் அவை சுத்தமாகத்தான் இருக்க வேண்டும். இங்கே மூன்றின் மேலும் ஒரே கரி, ஒரே கனத்தில். அப்படியானால் கரி ஏறியது தோட்டா முழுசாகச் செய்து முடித்த பிறகு.

கஸ் பையை மடியில் கொட்டி ஒவ்வொன்றாக அடிப்பக்கம் துடைத்தான். தரையில் பொறுக்கிய கூடு என்றால் பல கம்பெனிகளின் முத்திரை கலந்து இருக்கும். இங்கே எல்லாவற்றிலும் ஒரே முத்திரை. ஒன்றின் விளிம்பிலும் துப்பாக்கி பிடித்த கீறல் இல்லை.

“இதை யாரும் வீட்டுல செய்யலை பாஸ். இது ஒரு தடவைகூடச் சுடாத ஃபாக்டரித் தோட்டா. நாற்பத்தைந்து சென்ட் சரக்கைப் பத்து சென்ட்னு விக்கறான். அழுக்கைப் பார்த்ததும் பழசுன்னு நானே முடிவு கட்டிட்டேன். இதுவரைக்கும் கலப்படம்னா மட்டமானதை ஒசத்தின்னு விப்பாங்க. இவன் ஒசத்தியை மட்டம்னு விக்கறான்.”

திருட்டுச் சரக்குக்கு முதல் போடவில்லை. பத்து சென்ட்டும் லாபம். லைசென்ஸ் இல்லை என்ற சின்னக் குற்றத்தைச் சொல்லி ஓட்டிஸின் வாயைக் கட்டிவிட்டு, பெரிய குற்றத்தை அதன் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறான்.

“அழுக்கு ஒளிக்கறதுக்காகப் பூசினது இல்லை,” என்றாள் மார்வா. கைக்குட்டையை முகர்ந்து பார்த்தாள். “இது சுட்ட மருந்தோட கரி. சுட்ட கூடுகளோட சேர்ந்து எங்கேயோ உருண்டிருக்கு. அது தானா ஒட்டிக்கிச்சு. நிரப்பின தோட்டான்னா அழுக்காத்தான் இருக்கும்னு நினைச்சு, வசதியாப் போச்சுன்னு விட்டுட்டான். நிரப்பறவன் எவனும் அப்படி நினைக்க மாட்டான். பெருக்கறவன் நினைப்பான்.”

கஸ் அவளைப் பார்த்தான். இருவரும் ஒரே பெயரைத்தான் நினைத்தார்கள்.

லெனோரின் கடைப் பின்கட்டில், துப்பாக்கி சுட்டுப் பழக ஒரு சுடும் கூடம் உண்டு. அதன் மேற்பார்வையாளன் வெர்ன் கிராடி. தரையில் சிதறும் காலிக் கூடுகளைப் பெருக்கி வாளிகளில் அள்ளுவது அவன் வேலை. அதை விற்றுக்கொள்வது அவன் சலுகை. லெனோர் சொன்னதை அப்போது இருவருமே கவனிக்கவில்லை. வெர்னின் வாளிகள் இன்று திரும்பக் கிடைக்கின்றன. சரக்கறையின் சீல் உடைத்ததும். அதாவது அவன் வாளிகள் சரக்கறைக்குள் இருந்தன.

“பித்தளை காசாச்சே,” என்று கஸ் வண்டியைக் கிளப்பினான். “வெளியே வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். எல்லாக் கடையிலயும் ராத்திரி பூட்டித்தான் வைப்பாங்க. புதுத் தோட்டாவுக்குப் பக்கத்துலயே.”

ரயில்வே கேட்டில் நிலக்கரி வண்டி குறுக்கே போய்க்கொண்டிருந்தது. முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கஸ் ஸ்டீயரிங்கைத் தட்டினான். தட்டுவதை நிறுத்தச் சொன்னாள் மார்வா. லெனோரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வக்கீல் ஆபீசில் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொல்லியிருப்பார்கள். மார்வா கடைசியாக அவளுக்கு அனுப்பிய செய்தியில் ஒரே வார்த்தை: ‘பொறுங்க’.

கடையின் பின்வாசலில் ஒரு பழைய நீல பிக்கப் நின்றது. அதன் பின்தட்டில் மூன்று வாளிகள் ஏறியிருந்தன. தரையில் இன்னும் இரண்டு. வெர்ன் கிராடி, இடுப்பில் பிஸ்டலுடன். கூடத்தில் வேலை பார்க்கிறவர்கள் எப்போதும் கட்டியிருப்பதுதான். பக்கத்தில் ஷெரிஃபின் டெபுடி ஹால்வர், சீல் உடைத்த காகிதத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு, நல்ல மனிதனாக அவனுக்கு உதவிக்கொண்டிருந்தார்.

கஸ் தன் வண்டியை வெளியேறும் வழிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, என்ஜின் நின்றுவிட்டது என்றான். அது ஓடிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் கேட்டது.

வெர்னின் கண் வண்டிக்குப் போய் மார்வாவிடம் திரும்பியது. “நகர்த்துங்க. எனக்கு வேலை இருக்கு.”

“ஒரே நிமிஷம்,” என்றாள் மார்வா. “என் அசிஸ்டென்ட் தோட்டா நிரப்பறவன். பித்தளை வேணும்னு அழறான். ஒரு வாளி என்ன விலை?”

வெர்னின் தோள் தளர்ந்தது. நாற்பது டாலர் என்றான். மார்வா தரையில் இருந்த முதல் வாளியைக் காட்டினாள். எடுத்துக்கொள் என்றான். பணத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டான். கஸ் அதை ஒரு கையால் தூக்கி வண்டியில் வைத்தான்.

“அதையும் குடுங்க,” என்று அவள் இரண்டாவது வாளியைக் காட்டினாள். அதே உயரம், மேலே அதே கறுத்த கூடுகள்.

“அது ஒருத்தருக்குச் சொல்லி வெச்சது.”

“எண்பது தர்றேன்.”

“சொன்னேனே.”

“நூற்றிருபது.”

காற்றில் ஒரு தகரம் எங்கோ அடித்துக்கொண்டது. வெர்னின் வலது கை மெல்லக் கீழே இறங்கி இடுப்புப் பக்கம் தங்கியது. கஸ் சிரித்த முகத்தை மாற்றாமலே வண்டிக் கதவுக்குப் பின்னால் நகர்ந்தான்.

டெபுடி ஹால்வர் அவசரப்படாத மனிதர். அதுவரை வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாலு டாலர் பேரத்துக்கே வெர்ன் அரை மணி நேரம் வாதாடுவானே என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு, “இந்த ரெண்டாவது வாளியை உள்ளேயிருந்து நான்தான் தூக்கினேன். முதுகு போயிடுச்சு. அதே அளவு வாளியை இவர் ஒரு கையால தூக்கறார்,” என்றார்.

“நல்லா அமுங்கியிருக்கும்,” என்றான் வெர்ன்.

“பித்தளைக் கூடு வெறும் ஓட்டை டெபுடி,” என்றான் கஸ் கதவுக்குப் பின்னாலிருந்து. “அமுக்கினா நசுங்கும், கனக்காது.”

“வெர்ன், கையை மேலே வெச்சுக்க. நான் பார்க்கற மாதிரி,” என்றார் ஹால்வர். குரல் உயரவில்லை. ஆனால் அவர் கை முந்திக்கொண்டு தன் உறையின் மேல் இருந்தது. வெர்ன் இரண்டு கைகளையும் பிக்கப்பின் ஓரத்தில் வைத்தான்.

ஹால்வர் வாளியைக் காலால் சாய்த்தார். முதலில் காலிக் கூடுகள் கலகலவென்று ஓடின. அதற்குப் பின்னால் வந்தவை கலகலக்கவில்லை. கனமாக, ஒன்றின் மேல் ஒன்றாக, ஈயத் தலையுடன் சிமென்டில் விழுந்து உருண்டன. பிக்கப்பில் ஏற்றிய மூன்றில் இரண்டிலும் அதுவே இருந்தது. சீல் வைத்த நாளிலிருந்து உள்ளேயே மாட்டிக்கொண்ட சரக்கு. அதற்காகத்தான் அவன் ஷெரிஃப் ஆபீசுக்கு நடையாய் நடந்திருக்கிறான்.

மார்வா வக்கீல் ஆபீசின் எண்ணுக்கே அடித்தாள். எடுத்த பெண்ணிடம், லெனோரின் கையில் பேனா இருந்தால் பிடுங்கச் சொன்னாள். சிறிது நேரம் கழித்து மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது.

“இன்னும் போடலை,” என்றாள் லெனோர். “சின்னவ கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா.”

“போட வேண்டாம். ஹால்வர் இங்கே என் பக்கத்துல நிக்கறார், ஷெரிஃபுக்கு அவரே சொல்லுவார். எப்படிப் போச்சுன்னு கேளுங்க. வெர்ன் தினம் சாயங்காலம் பாதி வாளி காலிக் கூட்டோட வருவான், நீங்க சரக்கறையைத் திறந்து விட்டுட்டு உங்க வேலையைப் பார்க்கப் போயிடுவீங்க. உள்ளே பின்வரிசைப் பெட்டிகளைப் பிரிச்சு, தோட்டாவை வாளிக்குள்ள கொட்டி, மேலே கூட்டை இழுத்து மூடிடுவான். வெறும் பெட்டியைத் திரும்ப அடுக்கிடுவான். ராத்திரி பூரா வாளியை நீங்களே பூட்டிக் காவல் காத்தீங்க. காலையில அவன் அதைத் தன்னோட பித்தளைன்னு வெளியே தூக்கிட்டுப் போனான். காவலாளி எல்லார் பையையும் பார்த்தான், பெருக்கின குப்பையைப் பார்க்கலை.”